பொதுவிதியா, எண்ணமா? வரலாற்றை விளக்கும் இரு வழிகள்

ஒரு நிகழ்வு ஏன் நடந்தது என்று வரலாற்றாய்வாளர் விளக்கும்போது அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டு மெய்யியலில் இரண்டு வலுவான விடைகள் எதிரெதிராக நிற்கின்றன. முந்தைய சூழ்நிலைகளையும் அவற்றுக்குப் பொருந்தும் பொதுவிதியையும் சேர்த்துச் சொன்னால் நிகழ்வு அவற்றிலிருந்து பெறப்பட வேண்டும் என்றும், இவ்வகையில் வரலாற்றுக்கும் இயற்பியலுக்கும் வேறுபாடில்லை என்றும் மெய்யியலாளர் கார்ல் ஹெம்பல் 1942இல் வாதிட்டார். மெய்யியலாளரும் வரலாற்றாய்வாளருமான ஆர். ஜி. காலிங்வுட்டின் கருத்தோ, அவர் மறைந்தபின் 1946இல் நூலாக வந்தது. செயலுக்குள் இருந்த எண்ணத்தை ஆய்வாளர் தம் மனத்தில் மீண்டும் எண்ணிப் பார்ப்பதே வரலாற்றறிவு என்றும், அது விளங்கிய பிறகு தனியாக ஒரு காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்றும் அவர் கருதினார்.

இவற்றைப் பொதுப்பட எடைபோடுவதைவிட, 1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயின் விளைவுகளில் பொருத்திப் பார்ப்பது பயன் தரும். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாதோர் மடிந்தனர். ஆள் கிடைக்காததால் கூலி உயர்ந்தது. இந்த உயர்வை எவரும் திட்டமிடவில்லை. மீண்டும் எண்ணிப் பார்க்க இங்கே ஒரு தனி எண்ணம் இல்லை. உழைப்பு அரிதானால் அதன் விலை ஏறும் என்ற பொதுவிதியை நாடாமல் இதை விளக்க முடியாது என்பதால், இவ்விடத்தில் ஹெம்பலின் பக்கமே வலுவானது.

ஆனால் அடுத்த படியிலேயே அந்த வலு தளர்கிறது. ஆட்பற்றாக்குறை உழவர்களை விடுவிக்கும் என்று விதியை நீட்டினால், மேற்கு ஐரோப்பாவில் உழவர்களை நிலக்கிழாரின் நிலத்தோடு கட்டிவைத்த பண்ணையடிமை முறை தேய்ந்துபோக, இன்றைய ஜெர்மனி வழியே ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பின்னர் அது இறுகியதை என்ன செய்வது? 1976இல் வரலாற்றாய்வாளர் ராபர்ட் பிரென்னர் எழுப்பிய இக்கேள்விக்கு, தொடக்கச் சூழ்நிலைகள் வேறு என்று ஹெம்பலின் தரப்பு விடை சொல்லலாம். அப்படி நிலக்கிழார்களின் பிடி, ஊராரின் ஒற்றுமை, நகரங்களின் வலிமை என்று நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போனால், விதி கடைசியில் ஒரே ஒரு நிகழ்வுக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருங்கிவிடும். அதை விதி என்று அழைப்பதில் என்ன பயன் என்று 1957இல் மெய்யியலாளர் வில்லியம் டிரே எழுப்பிய மறுப்புக்கு நிறைவான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1351ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்துக்கு வரும்போது காலிங்வுட்டின் முறை தன் முழுத் தகுதியைக் காட்டுகிறது. கூலியைக் கொள்ளைநோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்த முயன்ற அச்சட்டத்தை, விலையின் போக்கை அறியாதவர்களின் பிழை என்று இன்று ஒதுக்கிவிடுவது எளிது. சட்டம் இயற்றியோரின் இடத்திலிருந்து பார்த்தால், வழக்கமாகத் தரப்பட்ட கூலியே நியாயமான கூலி. அதற்கு மேல் கேட்பது, பேரிடரைப் பயன்படுத்தி அடுத்தவரை நெருக்கும் பேராசை. அந்த நியாய உணர்வை உள்ளிருந்து புரிந்துகொள்ளாதவரை சட்டத்தின் கடுமையும் புரியாது.

வரலாற்றாசிரியர் தேர்ந்தெடுக்கும் கதைவடிவமே பொருளை உண்டாக்குகிறது என்று 1973இல் வரலாற்றுக் கோட்பாட்டாளர் ஹேடன் வைட் முன்வைத்த வாதத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அது வரலாறு எழுதப்படும் விதத்தைக் கூர்மையாக விளக்கினாலும், கூலி ஏன் உயர்ந்தது என்பதற்கு விடை தருவதில்லை.

காலிங்வுட்டுக்கு எதிராக உள்ள கடினமான கேள்வி, எழுதி வைக்காதவர்களின் எண்ணத்தை எப்படி அறிவது என்பதாகும். 1381இல் இங்கிலாந்தில் கிளர்ந்தெழுந்த உழவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரிப்புகளில் பெரும்பாலானவை, அவர்களை வெறுத்த மதகுருமார் எழுதிய குறிப்புகள். இருந்தும் உழவர்களின் செயலே அவர்கள் எண்ணத்தைக் காட்டுகிறது: பல ஊர்களில் அவர்கள், நிலக்கிழார்கள் நடத்திய பண்ணை நீதிமன்றங்களின் சுருள்களைத் தேடி எடுத்து எரித்தார்கள். தங்கள் அடிமைக் கடமைகளுக்குச் சான்றாக இருந்தவை அந்தச் சுருள்கள்தாம். ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரியும் கூலிக் கட்டுப்பாடும் சினத்தை மூட்டும் என்று ஒரு பொதுவிதி சொல்லக்கூடும். அந்தச் சினம் ஏன் ஆவணங்களைக் குறிவைத்தது என்பதை, எழுத்து எவ்வாறு தங்களைக் கட்டியிருந்தது என்று அந்த உழவர்கள் எண்ணியதை நாமும் எண்ணிப் பார்த்தால்தான் அறிய முடியும்.