உதட்டுக் கொப்புளம்: களிம்பா, குளிசையா, தேனா, தொப்பியா?

எங்கள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி முதலாம் தவணையில் வரும். அது முடிந்து இரண்டு மூன்று நாளில் என் கீழுதட்டின் இடது ஓரம் சுணைக்கத் தொடங்கும். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் ஜவ்வரிசியை ஒட்டிவைத்த மாதிரி நாலைந்து நீர்க்கொப்புளங்கள். "பல்லி மூத்திரம் பட்டிருக்கு" என்பார் அம்மா. பக்கத்து லயத்து ஆயாவோ, "பனியில வெடிச்சிருக்கு புள்ள, தேங்காயெண்ணெய் வை" என்பார்.

பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பனிக்கு எவ்வளவு சம்பந்தம் என்பதைப் பிறகு சொல்கிறேன். இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதிலேயே யாரோ கொடுத்த முத்தத்தில் தொற்றி, முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், தூக்கக் கேடு, மாதவிடாய், மனஉளைச்சல், வெயில் என்று ஏதாவது தட்டியெழுப்பினால் அதே நரம்பு வழியாக அதே இடத்துக்கு வரும். அடியோடு ஒழிக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. வாய்க்கடை இரண்டு பக்கமும் வெடிப்பது வேறு, வாய்க்குள்ளே வரும் வெள்ளைப் புண் வேறு. கீழே சொல்லும் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

நான் அதிக காலம் நம்பியது களிம்பை. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து 5 வீதம் சேர்ந்தது, பாமசியில் கிடைக்கும் சின்ன டியூப். "நாளைக்கு அஞ்சு தரம் பூசணும் டீச்சர், அஞ்சு நாளைக்கு" என்று பாமசித் தம்பி சொல்லித்தான் கொடுத்தார். சோக்குத் தூள் படிந்த விரலோடு எங்கே அஞ்சு தரம் பூசுவது? இடைவேளைக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்று, அவ்வளவுதான் நடந்தது. ஒழுங்காகப் பூசினாலும் கிடைப்பது அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள் லாபம். அதுவும் சுணைக்கத் தொடங்கியதுமே பூசினால்தான். கொப்புளம் உடைந்த பிறகு பூசுவது என் மனத்திருப்திக்கு. ஒருமுறை டியூப் தீர்ந்து, வீட்டில் கிடந்த சொறிக் களிம்பைத் தடவிவிட்டேன். அதில் ஸ்டீரொய்ட் இருந்திருக்கிறது, வைரஸை எதிர்க்கும் உடம்பின் சக்தியை அது குறைத்துவிடும். புண் நாடி வரை இறங்கியது.

குளிசைக்கு டொக்டரின் துண்டு வேண்டும். வலசைக்ளோவிர் 2 கிராம், 12 மணித்தியாலம் விட்டு இன்னொரு 2 கிராம். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஆறும் நாட்களைக் கணக்குப் பார்த்தால் களிம்பைவிடப் பெரிதாக முந்திவிடாது, சுமார் ஒரு நாள்தான் குறையும். ஆனால் மறக்க வாய்ப்பில்லை, விரலால் புண்ணைத் தொடவும் தேவையில்லை. எனக்கு அதுவே போதுமான வித்தியாசம். சுணைக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தால் அதற்குள் கொப்புளம் வந்துவிடும். அதனால் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் வருகிறவர்களுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று சில மாதங்களுக்குத் தொடர்ந்து கொடுப்பதும் உண்டு. நான் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை.

தேன் விஷயம் சுவாரசியமானது. 2019இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில் 952 பேரில் ஒரு பாதிக்கு அசைக்ளோவிர் களிம்பு, மறுபாதிக்கு கனூக்கா என்ற மரத்துத் தேன். களிம்பு பூசியவர்களுக்கு ஆற 8 நாள், தேன் பூசியவர்களுக்கு 9 நாள். சொல்லும்படி வித்தியாசமில்லை என்பதே முடிவு. தேன் வென்றதாகப் பலர் சொல்கிறார்கள். களிம்பும் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை என்று நான் வாசிக்கிறேன். அதோடு, அது மருந்துக்கென்றே சுத்திகரித்த தேன். றோட்டோரத்தில் சாராயப் போத்தலில் விற்கிற தேனுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர முடியாது. தேசிக்காய், உப்பு, பற்பசை எல்லாம் எரியும். அதற்கு மேல் எதுவும் செய்யாது.

இனி பனிக்கு வருவோம். சுவர்க் கலண்டரில் குறித்து வைத்தேன். யூன், யூலையில் மழையும் மூடுபனியுமாகப் பல்லுக் கிட்டிக்கும்போது எனக்கு வரவேயில்லை, காய்ச்சலில் கிடந்த ஒரு தடவையைத் தவிர. வந்ததெல்லாம் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், வானம் வெளுத்து, காலையில் பனியும் பகலில் பளீர் வெயிலுமாக இருக்கும் நாட்களில். எங்கள் ஊர் நுவரெலியா 1868 மீற்றர் உயரம். 1000 மீற்றர் ஏற ஏற வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் 10 வீதம் அளவில் கூடும். குளிர் உறைப்பதால் வெயில் சுடுவது நமக்குத் தெரிவதில்லை. அம்மா கொழுந்து மலையில் தலையில் போட்ட கொங்காணிச் சாக்கு நெற்றியைத்தான் மறைத்தது, உதட்டை அல்ல.

1991இல் ஒரு சோதனை. அடிக்கடி கொப்புளம் வரும் 38 பேரின் உதட்டில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். மருந்து எதுவும் இல்லாத வெறும் களிம்பு பூசியபோது 27 பேருக்கு வந்தது. வெயில் தடுப்புக் களிம்பு பூசியபோது ஒருவருக்கும் வரவில்லை. ஆய்வுக்கூட விளக்கு அளந்து விழும், மைதானத்து வெயில் அப்படியல்ல, அதனால் முழுதாகவும் நம்பவில்லை. ஆனாலும் களிம்பு, குளிசை, தேன் மூன்றும் வந்த பிறகு ஓடுகிறவை. வராமலே பார்ப்பதில் எனக்குப் பலன் தந்தது இதுதான்: அகல விளிம்புத் தொப்பியும் வெயில் தடுப்பு அளவு எஸ்பிஎப் 30 என்று போட்ட உதட்டுப் பாமும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். ஒரு பிளேன்டீ குடித்தால் பாதி கோப்பை விளிம்போடு போய்விடும், திரும்பப் பூச வேண்டும். பெண் பிள்ளைகள் சிரிப்பார்கள், "டீச்சர் லிப்ஸ்டிக் போடுறாங்க" என்று.

கொப்புளம் இருக்கும்போது கோப்பை, துவாய் பகிரக் கூடாது. பச்சைக் குழந்தையை முத்தமிடவே கூடாது. பிறந்த குழந்தைக்கு இது உயிராபத்து. தங்கச்சி பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் போனபோது வாசலிலேயே நின்றேன். கோபித்துக்கொண்டார்கள். கண் சிவந்து உறுத்தினாலோ, பத்து நாளில் ஆறாவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வருடம் போட்டி முடிந்து மூன்று வாரம். உதடு சும்மா இருக்கிறது. குளிசை அட்டை இன்னும் கைப்பையில்தான்.