ஷெர்மன் மின்டன் யார்? நீதிபதிகள் பதிவேட்டில் ஒரு ராத்திரி

வீடு இந்தியானாவின் நியூ ஆல்பனியில், வேலை அக்கரையில் லூயிவில்லில். தினமும் இரண்டு தடவை ஒஹையோ ஆற்றை ஷெர்மன் மின்டன் பாலத்தில் தாண்டுகிறேன். கென்னடி பாலத்தில் சுங்கம் உண்டு, இதில் கிடையாது. எனக்கும் இந்தப் பாலத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். 2011 செப்டம்பரில் இரும்பில் விரிசல் கண்டு மூடினார்கள். 2012 பிப்ரவரி வரை சுற்றிச் சுற்றிப் போய்வந்தேன், அப்போதுகூட அந்தப் பெயர்க்காரர் யாரென்று பார்க்கத் தோன்றவில்லை.

போன மாதம் காரில் மகள் கேட்டாள்: “மின்டன்னா இந்தப் பாலத்தைக் கட்டின இன்ஜினியராப்பா?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. தேடியதும் முதலில் வந்த ஏதோ ஒரு தளம், பாதிப் பக்கம் விளம்பரம் போட்டுவிட்டு மீதிப் பாதியில் அவரை கவர்னராக்கி வைத்திருந்தது. அப்புறம்தான் ஃபெடரல் ஜுடிஷியல் சென்டரின் நீதிபதிகள் பதிவேடு கண்ணில் பட்டது.

இந்த மையம் 1967இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு அமைத்தது. அரசியல் சாசனத்தின் 3ஆம் பிரிவின்படி 1789 முதல் நியமிக்கப்பட்ட ஃபெடரல் நீதிபதிகள் எல்லோரும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள். காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம். பெயரைத் தட்டினால் பிறந்த ஊர், எந்த ஜனாதிபதி நியமித்தார், யாருடைய இடத்துக்கு, செனட் எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டது, படிப்பு, முன்பு பார்த்த வேலைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு உரிச்சொல்லைக்கூடப் பார்க்க முடியாது. நல்லவர், வல்லவர் என்ற பேச்சே இல்லை.

நான் தணிக்கை வேலை பார்க்கிறவன். இரண்டு தேதிகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த வறட்சி எனக்குப் பிடித்துப்போனது. மின்டன் பிறந்தது 1890இல், இங்கே பக்கத்திலேயே உள்ள ஜார்ஜ்டவுனில். 1935 முதல் 1941 வரை இந்தியானாவின் செனட்டர். 1941இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உதவியாளர். அதே வருஷம் மே மாதம் சிகாகோவில் இருக்கும் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி. ஆறு மாதத்துக்குள் மூன்று நாற்காலி! கணக்குப் புத்தகத்தில் இப்படி இருந்தால் ரசீதைக் கேட்டிருப்பேன்.

ரசீதை வேறு இடங்களில் தேடி எடுத்தேன். மின்டன் ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சிக்காரர், 1940 செனட் தேர்தலில் மனிதர் தோற்றுவிட்டார். அந்த வருஷம் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் வெண்டல் வில்கி, அவரும் இந்தியானாக்காரர், மாநிலம் அவர் பக்கம் சாய்ந்தது. விசுவாசமான ஆளை ரூஸ்வெல்ட் கைவிடவில்லை. 1949இல் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியவர் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து ஜனாதிபதியான ட்ரூமன். மின்டனும் ட்ரூமனும் 1935 ஜனவரியில் ஒன்றாக செனட்டுக்குள் நுழைந்த சிநேகிதர்கள்.

பதிவேட்டில் இல்லாத ஒரு சங்கதிதான் எனக்கு மிகவும் ருசித்தது. 1937இல் உச்ச நீதிமன்றம் தன் திட்டங்களைத் தள்ளுபடி செய்கிறது என்ற கோபத்தில், அதில் ஆறு நீதிபதிகள் வரை கூடுதலாகச் சேர்க்கப் பார்த்தார் ரூஸ்வெல்ட். செனட்டில் அதற்காக வரிந்துகட்டி நின்றவர்களில் மின்டனும் ஒருவர். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே நீதிமன்றத்தில் அவருக்கே நாற்காலி. செனட் குழு விசாரணைக்குக் கூப்பிட்டபோது, வர முடியாது என்று கடிதம் எழுதினார். அப்படியும் 48–16 வாக்கில் ஒப்புதல் கிடைத்தது. இப்போது நியமிக்கப்படுகிறவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்வதைப் பார்த்தால் இது வேறு ஏதோ நாட்டுக் கதை மாதிரி இருக்கிறது.

அங்கி போட்ட பிறகும் அவர் செனட்டராகவேதான் இருந்தார் என்று எனக்குப் படுகிறது. சட்டமன்றம் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் நீதிமன்றம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அரசைக் கவிழ்க்கச் சொல்லும் அமைப்புகளில் இருக்கும் ஆசிரியர்களை நீக்கலாம் என்ற நியூயார்க் சட்டம் செல்லும் என்று 1952இல் தீர்ப்பெழுதியவர் அவர்தான். அது எனக்கு ஒப்பவில்லை. 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற ஒருமித்த தீர்ப்பிலும் அவர் இருக்கிறார். இந்த இரண்டில் எதையும் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. ஆளின் தடம் மட்டும்தான் அங்கே, தீர்ப்பின் சாரம் கிடையாது. அது தெரிந்து போனால் ஏமாற்றமில்லை.

இன்னொரு உபயோகம்: முழுத் தரவையும் இறக்கி எக்செலில் போட்டுக்கொள்ளலாம். செனட்டிலிருந்து நீதிமன்றம் போனவர்களைச் சலித்தேன். பின்னாளில் கண்ணில் படுகிற பெயர் ஜேம்ஸ் பக்லி, 1971 முதல் 1977 வரை நியூயார்க் செனட்டர். 1985இல் ரீகன் அவரை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். உச்ச நீதிமன்றம் வரை போனவர்களில் மின்டன்தான் கடைசி. 1956இல் உடம்பு முடியாமல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு காங்கிரஸில் உட்கார்ந்த ஒருவரும் அங்கே போகவில்லை.

பதிவேட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

மறுநாள் பாலத்தில் ஏறும்போது மகளிடம் ஒத்துக்கொண்டேன்: இன்ஜினியர் இல்லை, செனட்டராக இருந்து ஜட்ஜ் ஆனவர். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஜட்ஜுக்கு எதுக்குப்பா பாலம்?”