முழங்கைக்கு கேமரா ஆபரேஷன் பண்ணப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

1,85,000 ரூபாய் கட்டி, என் வீட்டுக்காரரோட ரெண்டு விரலை முடக்கிட்டு வந்திருக்கோம்.

அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில டெய்லர். முன்னாடி வண்டியில விழுந்து முழங்கை உடைஞ்சப்ப பிளேட் வெச்சு, உள்பக்க நரம்பையும் முன்னால நகர்த்தி வெச்சாங்க. இடிச்சா ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான். எலும்பு கூடிருச்சு, கை முழுசா நீட்டத்தான் வரல. அதுக்காக ஒரு பெரிய தனியார் எலும்பு மூட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் அவ்வளவு தன்மையாப் பேசினார். "நாலஞ்சு சின்ன ஓட்டைதாம்மா. கேமரா விட்டு உள்ள இறுகினதை எடுத்து விட்டுருவோம்." பழைய ஃபைலை மேசை மேல வெச்சேன். "அது எலும்புக்குப் பண்ணது, இதுக்குத் தேவையில்ல"ன்னு ஓரமா நகர்த்திட்டார். "உங்க அண்ணனா நினைச்சுக்கோங்க, கை நேராகறதுக்கு நான் பொறுப்பு"ன்னார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நகையை அடகு வெச்சு 1,85,000 கட்டினேன். நரம்புங்கற வார்த்தையே அவர் வாயில வரல. கையெழுத்து வாங்கின தாள் பூரா இங்கிலீஷ். படிக்க விடாம நர்ஸ் பக்கத்தைத் திருப்பிட்டே இருந்தாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு பாத்தா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்குது. "மரக்க ஊசி போட்டோம்ல, அதான்." மறுநாளும் அப்படியே. "வீக்கம்மா, வடியும்." தையல் பிரிக்கப் போனப்ப விரலை விரிக்கவே முடியல, ரெண்டும் கொக்கி மாதிரி மடங்கிருச்சு. அதுக்கு சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கறாங்க! அப்புறம் எப்பக் கேட்டாலும் டாக்டர் தியேட்டர்ல இருக்கார். டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கு.

வேற டாக்டர்கிட்ட காட்டினோம். பழைய தழும்பைப் பாத்ததுமே, "நரம்பை இடம் மாத்தியிருக்காங்களே, அது எங்க இருக்குன்னு பாத்துட்டா உள்ள போனாங்க?"ன்னு கேட்டார். நகர்த்தின நரம்பு, கருவி விடற ஓட்டைக்கு நேராவே கிடக்கலாமாம். இறுகின மூட்டுல இடமும் குறைவு. அமெரிக்காவுல இருக்கற மேயோ கிளினிக்ங்கற ஆஸ்பத்திரி டாக்டர்கள் 473 முழங்கை கேமரா ஆபரேஷனை வெச்சு 2001லயே எழுதியிருக்காங்கன்னு மக படிச்சுக் காட்டினா. அதுல 10 பேருக்கு நரம்பு செயலிழந்து, பிறகு சரியாயிருக்கு. இருபது வருஷத்துக்கு மேல தெரிஞ்ச ஆபத்துங்க இது! எந்த ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கும், ஒத்துக்கறேன். அதை ஏன் எங்ககிட்ட சொல்லல? நீட்டின ஃபைலை ஏன் புரட்டல?

நரம்பு நசுங்கிருக்கா, அறுந்திருக்கான்னு இன்னும் தெரியல. அறுந்திருந்தா தானா சேராதாம். சேர்த்துத் தைச்சாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம்.

என்னென்ன கேக்கணும்னு விவரமா எழுத நினைச்சேன். நரம்பு டெஸ்ட்டுக்குக் கிளம்பணும், அவசரத்துக்கு இது மட்டும். முழங்கையில ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவங்க, நரம்பு எங்க இருக்குன்னு பாத்தாச்சான்னு கேக்காம படுக்காதீங்க. விரல் அசைவு, உணர்ச்சி எல்லாத்தையும் முன்னாடியே ஃபைல்ல எழுதச் சொல்லுங்க. ஊசி வேகம் இறங்கின பிறகும் மரத்திருந்தா உடனே வேற டாக்டர்கிட்ட போங்க. ஃபைல் காப்பி கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு மருத்துவக் கவுன்சிலோட 2002 விதி இருக்கு. எங்ககிட்ட ரெக்கார்டு ரூம் ஆள் லீவுங்கறாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்கு 2 வருஷத்துக்குள்ள போகணும். நான் போறேன், அந்த 1,85,000ஐ விடமாட்டேன்.

நரம்பு ஆபரேஷன்ல கைதேர்ந்த டாக்டர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, தயவுபண்ணி.