தரையில் ஈரமில்லை, டேங்கில் கூலன்ட் இல்லை

ஒன்பது வருடமாக ஓட்டும் பெட்ரோல் கார். ஏழாவது வருடத்தில்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்தான் கூலன்ட். அதன் டேங்கில் மேல் கோடு வரை ஊற்றினால் மூன்றே வாரத்தில் கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிடும். காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. டெம்பரேச்சர் முள்ளும் வழக்கமான இடத்திலேயே நிற்கும். ஊற்றுவேன், ஓட்டுவேன், மறுபடி குறையும். நாலு மாதம் இப்படியே போயிற்று.

முதல் தப்பு என்னுடையது. ஒரு நாள் ஓட்டி வந்ததும் மட்டம் பார்ப்பேன், இன்னொரு நாள் காலையில் பார்ப்பேன். சூட்டில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறிவிடும். கணக்கு எப்படி ஒத்துவரும்? அப்புறம் டேங்கின் மேல் காகித டேப் ஒட்டி, வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன் பேனாவால் கோடு போட்டேன். ஆறு கோடு விழுந்ததும் ஒரு வேடிக்கை தெரிந்தது. நீண்ட பயணம் போன வாரத்தைவிட, பத்து நிமிட ஓட்டமாக அடிக்கடி எடுத்த வாரத்தில்தான் அதிகம் குறைந்திருந்தது. அர்த்தம் அப்போது புரியவில்லை.

மெக்கானிக் பானட்டைத் திறந்ததுமே "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு" என்றார். இன்ஜினின் தலைக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது; போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கலாம், சிலிண்டருக்குள்ளும் புகலாம். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் நிறத்தில் இருந்த பிசுக்கைக் காட்டினார். ஆனால் இன்ஜின் முழுசாகச் சூடேறாத குறுகிய ஓட்டங்களில் ஈரப்பதமே அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகத்தான் இருந்தது. பிரிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். நீலத் திரவம் ஊற்றிய குழாயை டேங்கின் வாயில் வைத்து, இன்ஜின் ஓடும்போது உள்ளே சேரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் புகுந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். எங்களுக்கு நீலம் நீலமாகவே இருந்தது. சின்னக் கசிவு இதில் தப்பிவிடலாம் என்பதால் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினோம். நாலும் ஒரே நிறம். ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் புகுகிறது என்று சந்தேகப்பட்டிருப்போம். காருக்குள்ளே ஹீட்டர் பக்கமும் கார்ப்பெட் காய்ந்தே இருந்தது, கூலன்டின் இனிப்பு வாடை இல்லை.

அடுத்து டேங்க் மூடி. இதை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. கூலன்ட், அதாவது தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால், திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். என் மூடியில் பொறித்திருந்த 1.1 பார் அழுத்தத்தில் அது 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் ஆவியாகவே போய்விடும். மாற்றினேன். குறைவது மந்தமானது, நிற்கவில்லை.

கடைசியில் கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர் வாங்கினேன். டேங்கில் காற்றழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று முள்ளில் பார்க்கும் கருவி. என்னிடம் இருப்பதில் அதிகம் இரவல் போகும் கருவி இதுதான். முதல் நாள் மாலை, வெதுவெதுப்பாக இருந்த இன்ஜினில் 1 பார் ஏற்றினேன். முள் அசையவே இல்லை. (கொதிக்கும் இன்ஜினில் மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும்.) மறுநாள் விடியற்காலை, இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினில் அதே 1 பார். இருபது நிமிடத்தில் 0.7-க்கு இறங்கிவிட்டது.

டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குனிந்தேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வின் கூடு) அடியில், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில், உப்புப் பூத்ததுபோல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அதன் நுனியில் ஒரு துளி உருண்டு திரண்டது. கீழே விழாமல் பிளாக்கின் மேல் வழிந்து ஒரு பள்ளத்தில் தேங்கியது. இன்ஜின் சூடேறியதும் அது ஆவியாகிவிடும். தரைக்கு எங்கே வரும்? பிளாஸ்டிக் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், ஆறும்போது சுருங்கி வழிவிடும். அடிக்கடி சூடாகி ஆறிய வாரங்களில் கோடு ஏன் அதிகம் இறங்கியது என்பது அப்போதுதான் விளங்கியது.

ஹவுசிங்கையும் அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் மாற்றியாயிற்று. கசிவை அடைக்கும் திரவம் ஊற்றச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கக்கூடும் என்பதால் நான் தொடவில்லை. மாற்றிய முதல் வாரம் மட்டம் கொஞ்சம் இறங்கியதும் வயிற்றைக் கலக்கியது. சிக்கியிருந்த காற்று வெளியேறியதுதான், வேறொன்றுமில்லை. டேப் இன்னும் டேங்கில்தான் இருக்கிறது. வாராவாரம் போட்ட கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கறுப்புப் பட்டையாகிவிட்டன.