பிளேனார் ஸ்பீக்கரில் பாஸ்: சில வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடி பிளேனார் மேக்னடிக் ஸ்பீக்கர் சில வருடங்களாக ஓடுகிறது. பெட்டி இல்லாமல், பலகை போன்ற சட்டத்தில் இழுத்துக் கட்டிய படலம் காந்தத்தால் அசைந்து ஒலி எழுப்பும் வகை இது. குரலும் வயலினும் இவ்வளவு இயல்பாக எந்தப் பெட்டி ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. பாஸ், அதாவது அடித்தொனி, பற்றித்தான் வாங்க நினைப்பவர்களிடம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெல்லிய மைலார் (ஒருவகை பிளாஸ்டிக்) படலம் முன்னாலும் பின்னாலும் சமமாக ஒலியைத் தள்ளுகிறது. பின்னால் போகும் அலை முன்னால் வருவதற்கு நேர் எதிரானது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். அரை மீட்டர் அகலப் பலகை அதற்கு எம்மாத்திரம்? ஓரத்தைச் சுற்றிவந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒலி ஒரு ஸ்தாயி (அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு) இறங்கும்போது அதே சத்தம் வேண்டுமென்றால் படலம் எட்டு மடங்கு அசைய வேண்டும். மூடிய பெட்டிக்கு நான்கு மடங்கு போதும். ஆனால் படலம் அசையக் கிடைப்பதோ சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதனால் பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டால் பாஸ் வந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் படலம் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

கர்நாடக இசைக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரு கட்டை ஸ்ருதியில் தம்புராவின் மந்த்ர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி ஸ) 65 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அது மெலிந்தாலும் அதோடு சேர்ந்து எழும் உயர்ந்த துணை ஒலிகள் நிறைவாக ஒலிப்பதால் காது ஏற்றுக்கொள்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) உள்ளங்கை நகர்ந்து கும்கி என்ற வளைந்த ஒலி எழும்பும் விதத்தைக் கேட்க வேண்டும்! பெட்டியின் முனகல் இல்லாததால் ஒலி சுத்தமாக வந்து சுத்தமாக நிற்கிறது. கேரளக் கோயில்களில் செண்டைகள் முழங்கும் பஞ்சாரி மேளம் வேறு கதை. அதில் கனத்த ஒலி தரும் வீக்கன் செண்டை நெஞ்சில் அதிர வேண்டும், இதில் அதிராது. தவிலுக்கும் அப்படியே.

வைக்கும் இடம் முக்கியம். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பக்கவாட்டில் அதிகம் ஒலி போகாததால் பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி குறைவு, அது ஒரு லாபம்.

அப்புறம், பாஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர். மூடிய பெட்டி வகைதான் இதோடு சேர்ந்து போகிறது. ஒலியைச் சப்வூஃபருக்கும் பலகைக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரை 60 ஹெர்ட்ஸ் அருகே வைத்தேன். 100க்கு ஏற்றினால் தொப்பியின் ஒலி இரண்டு இடத்திலிருந்து வருவதுபோல் பிரிந்துவிடுகிறது. பலகைக்குப் போகும் சிக்னலிலும் அடிப்பகுதியை வெட்டியதில் படலத்தின் சுமை குறைந்து, சத்தமாக வைக்கும்போதும் குரல் கலங்குவதில்லை. மேளத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் இந்த ஏற்பாடு. கச்சேரிப் பதிவு கேட்கும்போது சப்வூஃபரை அணைத்து, அந்த வெட்டையும் நீக்கிவிட்டுப் பலகைகளை மட்டும் கேட்கிறேன்.