மைதானமா, சபாவா?

இளையராஜா கச்சேரியை மைதானத்தில் கேட்டால் அவர் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான். முகத்தைப் பெரிய திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றின் புல்லாங்குழல் எழுந்ததுமே பக்கத்தில் மனைவி முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார், கூடவே மைதானம் முழுவதும். திரும்பும்போது வண்டியை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, அது தனிக் கதை.

மார்கழியில் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும் சபா, சென்னை மியூசிக் அகாடமி என்றால் பாடகர் தொடையில் தாளம் போடும் விரல் வரை தெரியும். பாட்டு நின்று மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிலர் கேன்டீனுக்கு நழுவுவார்கள். நாங்களும்தான், சூடான வடைக்காக. இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்வதும் அங்கேதான்.

சேர்ந்து பாட ஆசையென்றால் மைதானம். எனக்குச் சபாதான், பால்கனி டிக்கெட் போதும்.