மைலேஜ் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் சர்வீஸ் சென்டர்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, மூன்றே மாதத்தில் 12.5-க்கு இறங்கிவிட்டது. போகும் வழியும் அதேதான், ஓட்டும் விதமும் அதேதான். ஏதோ கோளாறு என்று தெரிந்ததால் நல்ல பெயருள்ள ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன்.

அங்கே இருந்த சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து அரை நிமிடம் பார்த்தார். "கார்பன் அடைச்சிருக்கு சார். இன்ஜெக்டர் க்ளீனிங், டிகார்பன், கூட ஒரு மைலேஜ் சிப். மூணும் போட்டுட்டா 20 கண்டிப்பா வரும்" என்றார். ஸ்கேனர் மாட்டவில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. டயரில் காற்று எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை. அப்போதே சாவியைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் தலையாட்டிவிட்டேன். "பிரேக்கும் சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சிடறோம்" என்று அதையும் பில்லில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் வண்டியைக் கொடுக்கும்போது அவரே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். நீளமான, காலியான சாலை. டாப் கியரில் 60-ல் ஏறியதும் மீட்டரில் சராசரி மைலேஜ் காட்டும் இடத்தை அழுத்திப் பிடித்துப் பூஜ்யமாக்கினார். நாலைந்து கிலோமீட்டர் போனதும் திரையில் 18.9. "பாத்தீங்களா சார்" என்றார். பார்த்தேன், நம்பினேன், பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஓட்டத்தில் இருக்கும் வித்தையை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சூடான இன்ஜின், சமதளம், பிரேக்கே தேவைப்படாத சாலை, ஒரே சீரான வேகம் இருந்தால் எந்தக் காரும் நல்ல எண்ணைத்தான் காட்டும். கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் போவதே கொஞ்ச நேரம் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் திரை எகிறும். மைலேஜை அளக்க நம்பகமான வழி ஒன்றுதான்: பம்ப்பில் தானாகக் கட் ஆகும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பம்ப்பில் மறுபடி கட் ஆகும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அந்த லிட்டரால் வகுப்பது. இரண்டு மூன்று டேங்குக்காவது செய்தால்தான் எண் நிலைக்கும்.

நான் செய்தேன். 443 கிலோமீட்டர், 36 லிட்டர். 12.3 வந்தது. முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு.

திரும்பப் போனால், "சிப் உங்க டிரைவிங்கைக் கத்துக்கணும் சார், 500 கிலோமீட்டர் ஓடட்டும்" என்றார்கள். ஓடியது. மறுபடி போனால், "நீங்க ஓட்டற விதம் சரியில்லை" என்றார்கள். அன்று இரவே வீட்டில் அந்தச் சிப்பைக் கழற்றித் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறைப் படிக்க ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் கட்டைவிரல் அளவுப் பெட்டி அது. உள்ளே ஒரு சின்ன போர்டு, மூன்று எல்இடி, ஒரு பட்டன், விளக்கை மினுக்க ஒரு சில்லு. சாக்கெட்டில் 16 பின்கள் உண்டு. 16-ஆவது பின் பேட்டரி, 4-உம் 5-உம் எர்த். இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசும் கேன் லைன் 6-லும் 14-லும் வரும். இந்தப் பெட்டியில் 6-லிருந்தும் 14-லிருந்தும் போர்டுக்கு ஒரு தடம்கூட இல்லை. பேட்டரி கரண்டை எடுத்து விளக்கை எரிப்பது மட்டும்தான் அதன் வேலை.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை என்று வருகிறவையும் இந்தக் கூட்டம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது. சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதிலும் கிடைக்கவில்லை, ஒன்றிரண்டில் கிடைத்ததும் மிகச் சொற்பம்.

பிறகு தெரிந்தவர் சொல்லி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அந்தத் தம்பி பானெட்டையே திறக்கவில்லை. "நியூட்ரல்ல விட்டா வண்டி தானா உருளுதாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகச் சிக்னலுக்கு முன்பே வண்டி சட்டென்று சோர்ந்து நின்றுகொண்டிருந்தது. அவரே மூன்று கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டினார். மூன்றில் ஒன்றுமில்லை. முன் இடது சக்கரத்துக்கு அரையடி தள்ளியே அனல் அடித்தது. (தொட்டுப் பார்க்காதீர்கள், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிஸ்க் என்ற தகடு தோலை உரித்துவிடும்.) ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கு உதவும் கம்பிதான் கேலிப்பர் பின்; அதன் ரப்பர் கிழிந்து தண்ணீர் போய், அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று மாதமாக நான் போட்ட பெட்ரோலில் ஒரு பங்கு அந்தச் சக்கரத்தைச் சூடாக்கப் போயிருக்கிறது.

என்னை உலுக்கியது இனிமேல்தான். அந்தப் பின்னில் பழைய கிரீஸ் மண்ணாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. "இதை வருஷக்கணக்கா யாரும் கழட்டலண்ணே" என்றார். பிரேக் சுத்தம், கிரீஸ் என்று நான் பணம் கட்டிய பில் டாஷ்போர்டுக்குள்தான் இருந்தது. இறுகிய பிரேக்கால் வீணாவது பெட்ரோல் மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம். சூடு அதிகமானால் பிரேக் ஆயில் கொதித்து, மிதிக்கும்போது பெடல் உள்ளே போய்விடும். அந்த வண்டியில்தான் என் பிள்ளைகள் தினமும் போகிறார்கள்.

கேலிப்பர் பின், ரப்பர், பேட் மூன்றையும் மாற்றினார். டயரில் 33 இருக்க வேண்டிய இடத்தில் 26 பிஎஸ்ஐ இருந்தது, அதையும் சரிசெய்தார். காற்றுக் குறைவால் போவது ஒன்றரை சதவீதம் போலத்தான், ஆனால் செலவில்லாமல் சரியாவது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். அடுத்த இரண்டு டேங்கும் 15.7, 15.9.

மைலேஜ் சட்டென்று இறங்கினால் பார்க்கச் சொல்ல வேண்டியவை இவைதான்: பிரேக் பிடித்து ஓடுகிறதா, டயரில் காற்று, இன்ஜின் சரியான சூட்டுக்கு வருகிறதா (இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் வராது), புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் என்ன சொல்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பார்கள். அது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டரால் இழுவைதான் குறையும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். நான் முதல் தடவை கேட்டிருந்தால் கேலிப்பர் பின் கழற்றப்படவே இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

துருப்பிடித்த பின், பிளந்த சிப், பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த சென்டருக்குப் போனேன். சிப்புக்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பிரேக் வேலையைப் பற்றிக் கேட்டதற்கு மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் பெற்றிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.